ஆம்பூர்க் கல்யாணத்தில் அண்ணி எடுத்த படம்

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்கிறாள். வெளியே தெரிவது மூன்று மரக் கால்களும், அவற்றுக்கு நடுவே மெட்டி போட்ட இரண்டு பாதங்களும்தான். துணிக்குள்ளே அவள் சிரிக்கிறாளா, முகம் சுளிக்கிறாளா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் இடது காலின் பெருவிரல் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தால், படம் இன்னும் அவளுக்குப் பிடிபடவில்லை என்று எனக்குத் தெரியும். விரல் ஓய்ந்துவிட்டால் பிடிபட்டுவிட்டது என்று பொருள். என் அண்ணியை நினைக்கும்போதெல்லாம் அவள் முகத்துக்கு முன்னால் இந்தப் பாதங்கள்தாம் வந்து நிற்கின்றன.

அண்ணன் வேலூரில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவர். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது, கட்டில் வாங்கப் போனவர் கேமராவோடு வந்து சேர்ந்தார். தேக்கு மரப் பெட்டி, மடிந்து நீளும் தோல் மூக்கு, மூன்று கால் ஸ்டாண்டு. கடை என்று எதுவும் வைக்கவில்லை. கூப்பிட்ட இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரியின் ஆயுத பூஜை, காட்பாடிப் பக்கம் மாதாகோயிலில் அறுப்புப் பண்டிகை, ஆற்காட்டில் ஒரு காதுகுத்து, பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை என்று ஊரில் நான்கு பேர் கூடிச் சந்தோஷப்படுகிற இடமெல்லாம் அவருக்குக் கடைதான். அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டில் படம் விழுவதற்கு, நிழலில் நிற்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். மயானக் கொள்ளையில் காளி வேஷம் கட்டியவருக்குச் சரியாக அந்த நேரம் பார்த்து அருள் வந்துவிட்டது. படத்தில் அவருக்கு ஆறு கைகள். அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வேஷக்காரரோ படத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அம்மா நெஜமாவே வந்துட்டா பாருங்க" என்று சொல்லி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிரதி கேட்டார்.

அண்ணி ஆற்காட்டுப் பெண். எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. நான் அப்போது வேலூரில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். அண்ணன் வீட்டிலேயே இருந்தேன். அதனால் அண்ணி என்னை "டீச்சரம்மா" என்றுதான் கூப்பிடுவாள், அதிலும் பாதி கேலி இருக்கும். கேமரா வந்த சில மாதங்களிலேயே சமையலறையை ஒட்டி இருந்த இருட்டறை அவள் வசமாகிவிட்டது. தகட்டைக் கழுவி உருவம் வர வைக்கிற வேலைக்குப் பொறுமை வேண்டும். அண்ணனுக்கு அது கம்மி. வேலூர் வெயிலில் குழாய்த் தண்ணீரே சுடும். சூடான தண்ணீர் பட்டால் தகட்டின் மேல் இருக்கும் பூச்சு பாலாடை மாதிரி நழுவி ஓடிவிடும். அண்ணி பானைகளில் தண்ணீர் நிரப்பி, ஈரச் சாக்கு சுற்றி வைத்துவிட்டு, விடியற்காலையில் எழுந்து சிவப்பு லாந்தர் வெளிச்சத்தில் கழுவுவாள். இட்லிக்கு மாவு கரைக்கிற நிதானத்தோடு மருந்து கலக்குவாள்.

விழாக்களுக்கு எங்களையும் அண்ணன் கூட்டிப் போவார். கூட்டத்தை நிறுத்துவது அண்ணியின் வேலை. குழந்தைகளுக்கு அவள் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. அவள் அம்மா வீட்டிலிருந்து வரும் மக்கன் பேடாவை ஆளுக்கு ஒன்று வாயில் அடைத்துவிடுவாள். வாய் நிறைய இனிப்போடு கன்னம் உப்பிக்கொண்டு ஒரு பிள்ளையும் அசையாது. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எடுத்த படங்களில் உள்ள பிள்ளைகளெல்லாம் கொழுகொழுவென்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஆனால் அதுவரை அவள் தானே படம் எடுத்தது ஒரே ஒரு முறைதான். அண்ணன் வீட்டில் இல்லாத நேரத்தில் என்னைக் கிணற்றடியில் நிறுத்தி எடுத்தாள். வந்த படத்தில் வாளி முழுதாக இருந்தது. நான் பாதிதான் இருந்தேன்.

இந்த நிலையில்தான் ஆம்பூரிலிருந்து ஆள் வந்தது. பெரிய தோல் மண்டி வைத்திருந்த சாயபு ஒருவர் வீட்டில் மூத்த மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளைக்கு ரங்கூனில் வியாபாரம். சித்திரை மாதம். காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கியபோதே, ஆவாரம்பட்டையும் ஈரத்தோலும் கலந்த அந்த ஊரின் வாசனை எங்களை வரவேற்றது. கல்யாண வீட்டை நெருங்க நெருங்க அதன் மேல் நெய்யும் கிராம்பும் ஏறிக்கொண்டன. "மூக்கை மூடறதா, தொறக்கறதா, ஒண்ணும் புரியல டீச்சரம்மா" என்றாள் அண்ணி.

முன்பந்தலில் மாப்பிள்ளையையும் ஆண்களையும் அண்ணன் வரிசை வரிசையாக எடுத்து முடித்தார். சாயபு திருப்தியாக எங்களுக்கு சர்பத் கொடுக்கச் சொன்னார். உயரமான மனிதர், குரல் மட்டும் தாழ்ந்தே இருக்கும். அப்போது உள்ளே வேலை செய்யும் பெண் ஒருத்தி வந்து, அண்ணியையும் என்னையும் பெரிய பீபியம்மா கூப்பிடுவதாகச் சொன்னாள். பீபியம்மா என்றால் சாயபுவின் மனைவி, கல்யாணப் பெண்ணின் தாய்.

உள்முற்றத்தில் பெண்கள் கூட்டம். நடுவில் ஒரு நாற்காலியில் பீபியம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அழுது அழுது மூக்கு சிவந்த கல்யாணப் பெண். பீபியம்மா சுற்றி வளைக்கவில்லை.

"அடுத்த வாரம் எம்பொண்ணு கப்பல் ஏர்றா. திரும்ப எப்ப பாப்பேனோ, அல்லாவுக்குத்தான் தெரியும். வெளிய ஆம்பளைங்க எல்லாம் போட்டோ புடிச்சிக்கினாங்க. எனக்கும் என் பொண்ணுக்கும் ஒண்ணு வேணும். நீ எடுப்பியா?"

அந்த வீட்டுப் பெண்கள் கோஷா. அயல் ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். அண்ணி என்னைப் பார்த்தாள். கிணற்றடி வாளி எனக்கு ஞாபகம் வந்தது, அவளுக்கும் வந்திருக்கும். "வூட்டுக்காரரக் கேட்டுச் சொல்றேம்மா" என்று எழுந்து வெளியே வந்தாள்.

அண்ணன் விஷயத்தைக் கேட்டு, சாயபுவிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னார். சாயபு பந்தல் ஓரம் வரை நடந்து திரும்பி வந்தார். கோபமோ என்று நான் பயந்தேன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"எடுக்கறது உங்க வீட்டம்மா. சரி. அப்பறம் அத கழுவுவீங்களே, அது யாரு?"

"அதுவும் அவதான் சாயபு."

"காயிதத்துல ஏத்தறது?"

"அவளையே செய்யச் சொல்றேன்."

"நீங்க பாக்க மாட்டீங்க?"

"பாக்க மாட்டேன்."

"ஒரே வூட்ல இருந்துக்கினு?"

"என் அம்மா மேல ஆணையா பாக்க மாட்டேன் சாயபு."

சாயபு தாடியைத் தடவிக்கொண்டார். "சரி. படத்தோட அந்தக் கண்ணாடியும் என் கைக்கு வந்துடணும். என் பேரு அதுல கீது, தம்பி" என்றார். அண்ணன் தலையாட்டினார். ஒரு வீட்டின் மானத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டார் என்று அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

மீதி இருந்தது இரண்டே தகடுகள். அண்ணியும் நானும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். அண்ணன் வாசல் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "செவுத்துப் பக்கமா நிக்க வை! வெள்ளச் செவுரு வெளிச்சத்தத் திருப்பிக் குடுக்கும்!" என்று திரையைப் பார்த்துக் கத்தினார். உள்ளே இருந்த பெண்கள் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. துணிக்குள் புகுந்தாள். இடது பெருவிரல் தரையைச் சுரண்டியது.

முதல் தகட்டில், ஊரில் எல்லாரும் எப்படி நிற்பார்களோ அப்படியே எடுத்தாள். பீபியம்மா கோர்ட்டுக் கச்சேரியில் சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி விறைத்து உட்கார்ந்திருந்தார். பெண் பக்கத்தில் நின்று அழுகையை அடக்கிக்கொண்டிருந்தாள். அது முடிந்தது. அண்ணிக்கு மனசு ஒப்பவில்லை போலிருக்கிறது. மறுபடியும் துணிக்குள் புகுந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று துணி குலுங்கியது. உள்ளே அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள்.

கேமராவின் பின்னால் இருக்கும் பால் கண்ணாடியில் உருவம் எப்போதும் தலைகீழாகத்தான் விழும். எங்களுக்கு அது பழகிப் போன விஷயம். ஆனால் அந்த முற்றத்தில் ஒரு வெள்ளாடு புகுந்து, பீபியம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நடந்து போயிருக்கிறது. பால் கண்ணாடியில் அது ஆகாயத்தில் கால் பதித்து, கொம்பு கீழே தொங்க, மிடுக்காக நடந்திருக்கிறது.

துணியை விலக்கித் தலையை நீட்டிய அண்ணி, கல்யாணப் பெண்ணைப் பார்த்து, "நீ வாம்மா. வந்து இத பாரு" என்றாள்.

மருதாணிக் கையால் ஜரிகை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் வந்தாள். இருவரும் துணிக்குள் மறைந்தார்கள். பிறகு உள்ளேயிருந்து ஒரு கூச்சல். "அம்மா! நீங்க தொங்குறீங்கம்மா! வௌவாலு மாதிரி தொங்குறீங்க!" அவ்வளவுதான். நான், நீ என்று அத்தனை பெண்களும் முண்டியடித்துக்கொண்டு வந்து துணிக்குள் தலையை விட்டார்கள். ஒவ்வொருத்தியும் வெளியே வந்து ஒவ்வொரு விதமாகச் சிரித்தாள். திரைக்கு அப்பால் அண்ணன், "இன்னா நடக்குது உள்ள? வெயிலு போய்ட்டா படம் வராது!" என்று பேஜாராகிக் கொண்டிருந்தார்.

அண்ணி தகட்டைச் செருகிவிட்டு, கேமராவுக்குப் பக்கத்தில், படம் விழ அழுத்துகிற ரப்பர்க் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண் பழைய இடத்துக்கு ஓடினாள். அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உங்க மூக்குத்தி நெத்திக்குப் போய்ட்டுச்சும்மா" என்று காதில் சொன்னாள். பீபியம்மா முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரிய, வயிறு குலுங்கச் சிரித்தார். முற்றத்தில் நல்ல வெயில், ஒரு நொடி போதும். அண்ணி குமிழை அழுத்திவிட்டாள்.

ரயிலில் திரும்பும்போது அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "படத்துல யாருன்னா பல்லைக் காட்டிப் பாத்திருக்கியா டீச்சரம்மா? பெரிய குடும்பம். கோச்சிக்குவாங்களோ?" அந்தக் காலத்தில் படத்தில் சிரிப்பவர் யாருமில்லை. சிரித்தால் அற்பம் என்று நினைப்பார்கள். "மொதோ படம்தான் மரியாதையா வந்திருக்குமே, அதக் குடுத்துடலாம்" என்று நான் தேறுதல் சொன்னேன்.

மறுநாள் விடியற்காலையில் இருட்டறையில் நானும் அண்ணியும். கதவுக்கு வெளியே அண்ணன், சத்தியத்துக்குப் பயந்து கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயில் சாக்குப் பானையையும் விடவில்லை போலிருக்கிறது. தண்ணீர் போதுமான அளவு குளிர்ந்திருக்கவில்லை. மரியாதையான முதல் தகட்டைக் கழுவும்போதே அதன் ஓரம் சுருங்கியது. அண்ணி, "ஐயோ" என்றாள். பீபியம்மாவும் பெண்ணும் நாற்காலியும் மெதுவாக வழுக்கித் தட்டின் அடியில் போய்ச் சேர்ந்தார்கள்.

"இன்னா ஆச்சி?" என்றார் வெளியிலிருந்து அண்ணன்.

"உருகிப் போச்சிங்க."

"படிகாரம் போடு! படிகாரம்! டேனரியில தோலுக்குப் போடறாங்களே, அது மாதிரி. பூச்சு இறுகிக்கும்!"

நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் குளிர்ந்த தண்ணீர் ஒரு பானை வாங்கி வந்தேன். அண்ணி படிகாரம் கரைத்தாள். இரண்டாவது தகட்டைக் கையில் எடுத்து மருந்தில் நனைத்தாள். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் ஜரிகை வந்தது. பிறகு மருதாணிக் கை. பிறகு அந்தச் சிரிப்பு. அசைந்ததால் பெண்ணின் ஒரு கை மட்டும் புகையாக இருந்தது. மற்றதெல்லாம் தெளிவாக இருந்தது. அண்ணி தகட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "இதுதான் கீது. இதுதான் போவும்" என்றாள்.

காகிதத்தில் ஏற்றுவது கொல்லைப்புறத்தில், வெயிலில். அன்றைக்கு முழுவதும் அண்ணன் கொல்லைப்பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு. கிணறு அங்கேதான் இருந்தது. பாவம், தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிர் வீட்டுக்குக் குளிக்கப் போனார். திரும்பி வந்து கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கன்னத்தில் நிழல் எப்படி இருக்கிறது, ஜரிகை வெளுத்துவிட்டதா, பின்னால் சுவர் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நல்லாத்தான் வந்திருக்கும் போலக் கீது" என்று கடைசியில் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ஆம்பூருக்கு நாங்கள் கொண்டுபோன பொட்டலத்தைச் சாயபு பிரிக்கவில்லை. கண்ணாடியையும் படத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணியின் கால் விரல் தரையைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டது. அண்ணன் செருப்பு எங்கே கிடக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டார்.

அப்புறம் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. முதலில் ஒரு குரல், பிறகு பல குரல்கள், பிறகு அந்த முற்றம் முழுவதும். சாயபு வெளியே வந்தார். மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கல்யாணமான புதுசுல இப்படித்தான் சிரிப்பா" என்றார் தாழ்ந்த குரலில். "அப்பறம் வீடு, புள்ளைங்க, மண்டின்னு... நானே மறந்து போய்ட்டேன் தங்கச்சி."

அவர் அண்ணியை நேராகப் பார்க்காமல் தரையைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். பிறகு கண்ணாடித் தகட்டை அண்ணியிடமே திருப்பிக் கொடுத்தார். "ரங்கூன்ல மழ ஜாஸ்தி. படம் கெட்டுப் போச்சின்னா எம்பொண்ணுக்கு வேற ஒண்ணு வேணுமே. இது உங்ககிட்டயே இருக்கட்டும்." அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்ட பிரியாணியைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. தகடு எங்கள் வீட்டு அலமாரியில் சிவப்புத் துணி சுற்றி இருந்தது. அலமாரிக்குப் பூட்டு கிடையாது. அண்ணன் கடைசி வரை அந்தத் துணியை அவிழ்த்ததில்லை.

அதற்குப் பிறகு அண்ணிக்கு ஓய்வில்லை. பெண்களுக்குள் ஒரு செய்தி எப்படிப் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று கோஷா வீடுகளிலிருந்தெல்லாம் வண்டி வந்தது. அப்புறம் எங்கள் பக்கத்து வீடுகளும் விழித்துக்கொண்டன. வளைகாப்புக்கு ஆண் எதற்கு, அந்தப் போட்டோ அம்மாவையே கூப்பிடுங்கள் என்றார்கள். மாதாகோயில் பெண்கள் சங்கத்தின் ஆண்டு விழா, டேனரியில் ஆவாரம்பட்டை இடிக்கும் பெண்கள் தங்களுக்குள் வைத்த பொங்கல் என்று எங்கும் அவள் போனாள். போன இடமெல்லாம் பெண்களைத் துணிக்குள் கூப்பிட்டுத் தலைகீழ் உலகத்தைக் காட்டினாள். பட்டை இடிக்கிற ஒரு பெண், அந்தப் பக்கம் வந்த தன் மேஸ்திரி தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்து, "இப்பத்தான் மனசு ஆறுச்சி" என்றாள். வாசல் வரைக்கும் ஸ்டாண்டைச் சுமந்து போய் வைத்துவிட்டு அண்ணன் வெளியே காத்திருப்பார். "நீங்க போட்டோ அம்மாவோட வூட்டுக்காரரா?" என்று யாராவது கேட்டால், "ஆமாங்க, நானும் கொஞ்சம் எடுப்பேன்" என்பார்.

இப்போது கல்யாண வீடுகளில் கண்ணைப் பறிக்கிற விளக்கோடு பையன்கள் வந்து, சிரிங்க, சிரிங்க என்று கட்டளை போடுகிறார்கள். எல்லாரும் சிரிக்கவும் செய்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நல்ல பழக்கம்தான். எங்கள் ஜில்லாவில் அதை யார் ஆரம்பித்து வைத்தது என்று எனக்குத் தெரியும் என்பதில் ஒரு சின்ன கர்வம், அவ்வளவுதான்.

சில வருஷங்கள் கழித்து அதே சாயபு வீட்டில் இளைய மகளுக்கு நிக்காஹ். மூத்தவள் ரங்கூனிலிருந்து வந்திருந்தாள். இடுப்பில் ஒரு பையன். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது, பேச்சில் தைரியம் வந்திருந்தது. அண்ணி முற்றத்தில் எல்லாரையும் எடுத்து முடித்தபோது அவள் கேட்டாள்:

"இத்தினி பேர எடுத்தீங்களே, உங்கள யாரு எடுத்தாங்க?"

இத்தனை வருஷத்தில் அண்ணனுக்கோ எனக்கோ அது தோன்றவே இல்லை. அண்ணியின் கல்யாணம் கேமரா வருவதற்கு முன்பே நடந்தது. "எனக்கின்னாத்துக்கும்மா" என்று அவள் பின்வாங்கினாள். பீபியம்மா தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அண்ணியின் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்தார். ரங்கூன் பெண் பையனை என்னிடம் கொடுத்துவிட்டுத் துணிக்குள் புகுந்தாள். "நீங்களும் தொங்குறீங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அண்ணி சொல்லச் சொல்ல அவளே தகட்டைச் செருகினாள், குமிழைப் பிடித்தாள், அழுத்தினாள்.

மறுநாள் விடியற்காலையில் அண்ணி பானையும் தட்டுமாக இருட்டறைக்குள் போகப் புறப்பட்டபோது, அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இத நான் கழுவறேன். இதப் பாக்கக் கூடாதுன்னு யார்கிட்டயும் நான் சத்தியம் பண்ணல."

வெகுநேரம் உள்ளே இருந்தார். அவருக்கு அவ்வளவு பொறுமை உண்டென்று நான் அன்றைக்குத்தான் கண்டேன். வெளியே வந்தபோது சூரியன் ஏறியிருந்தது. ஈரம் சொட்டும் தகட்டை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அண்ணி எட்டிப் பார்த்தாள். நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அண்ணியின் உச்சந்தலை படத்துக்கு வெளியே போயிருந்தது. படத்தில் அவள் வாயைக் கையால் மூடப் போய், மூடாமல் பாதியில் விட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தல வெட்டுப்பட்டுப் போச்சே" என்றாள்.

அண்ணன் தகட்டைக் கிணற்றடி நிழலில் சாய்த்து வைத்தார். தூசி படக்கூடாது, காக்கை கொத்தக்கூடாது என்று சொல்லி, ஒரு பலகையைப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குச் சோளிங்கரில் ஒரு தேர்த் திருவிழாவுக்கு ஒப்புக்கொண்டிருந்தார். ஆள் வந்து கூப்பிட்டது. "காயட்டும், வர்றேன்" என்றார். தகடு காய்ந்து வெகுநேரம் ஆகியும் அவர் எழுந்திருக்கவில்லை.